மியூட் போட மறந்த காலை

நான்கு வருஷத்துக்கு முன்னால், நவம்பரில் தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு முந்தின வாரம், என் மகள் ஜெனி ராணுவத்திலிருந்து வீட்டுக்கு வந்தாள். லீவில் வரவில்லை. அனுப்பிவிட்டார்கள். கையில் இரண்டு பைகள், ஒரு பழுப்புக் கவர். கவரை என்னிடம் நீட்டிவிட்டு, மாடி ஏறிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரியமானவர்களே, என் பெயர் தேவராஜ். சொந்த ஊர் பாளையங்கோட்டை. டெக்சாஸில் டாலஸ் பக்கம் வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் வேலை. அடுத்தவன் எழுதியதில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். வீட்டிலும் அந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தேன் என்று என் மனைவி கிரேஸ் சொல்லுவாள். அவள் சொல்வது சரிதான்.

ஜெனி காலேஜில் இரண்டாம் வருஷம் படிக்கும்போது, மெடிக்காக ராணுவத்தில் சேரப்போகிறேன் என்றாள். காயம்பட்டவர்களுக்கு அந்த இடத்திலேயே முதல் சிகிச்சை செய்கிற வேலை. நான் குதித்தேன். ஒரு மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு அவள் யூனிஃபார்மில் நிற்கிற போட்டோ வந்தபோது, அதைப் பெரிதாக்கி ஹாலில் மாட்டியதும் நான்தான். சபைக்குப் புதிதாக யார் வந்தாலும் அந்தப் போட்டோவுக்குக் கீழே உட்காரவைத்துத்தான் காபி கொடுப்பேன்.

அந்தக் கவருக்குள் அவளுடைய டிஸ்சார்ஜ் தாள் இருந்தது. ராணுவத்தை விட்டு வருகிற எல்லோருக்கும் அப்படி ஒரு தாள் கொடுப்பார்கள். எந்தத் தரத்தில் வெளியே வந்தார் என்று அதில் ஒரு வரி இருக்கும். ஒழுங்காக முடித்தவர்களுக்கு ‘ஆனரபிள்’. என் மகளுக்கு ‘அதர் தேன் ஆனரபிள்’ என்று இருந்தது. கௌரவமாக வெளியே வரவில்லை என்று அர்த்தம். காரணம் என்ற இடத்தில் நடத்தைக் கேடு, போதைப் பொருள் என்று இருந்தது. சிறுநீர்ப் பரிசோதனையில் பிடிபட்டிருக்கிறாள்.

நான் மாடிக்குப் போய்க் கதவைத் தட்டவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. கவரை அலமாரியில், பாஸ்போர்ட்டுகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். ஞாயிற்றுக்கிழமை சபையில் விசாரித்தவர்களிடம், “காண்ட்ராக்ட் முடிஞ்சுது பிரதர், வந்துட்டா” என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். போட்டோ ஹாலிலேயே இருந்தது. அதைக் கழற்றினால் கேள்வி வருமே!

டெக்சாஸில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து ஒரு ஜெப லைன் வைத்திருக்கிறோம். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஆறு மணிக்கு எல்லோரும் ஒரே நம்பருக்குப் போன் போட்டுச் சேருவோம். ஜெபிக்கிறவர் தவிர மற்றவர்கள் மியூட் போட்டுவிட வேண்டும். யாராவது மறந்தால் அவர்கள் வீட்டு மிக்ஸி சத்தம் முப்பது வீட்டில் கேட்கும். இலங்கையில் மன்னாரிலிருந்து வந்த ரோஸ்லின் அக்காதான் அதை நடத்துகிறவர். எழுபது வயது. வெளியே சொல்ல முடியாத பாரம் இருந்தால், “சொல்லாத விண்ணப்பம் ஒன்று” என்று மட்டும் சொன்னால் போதும், யாரும் துருவ மாட்டார்கள். இரண்டு வருஷத்துக்கு மேல் நான் தினமும் அதைத்தான் சொன்னேன். அந்த நாட்களில் என் ஜெபமெல்லாம், “ஆண்டவரே, இது யாருக்கும் தெரியக் கூடாது” என்பதுதான். மகளைக் காப்பாற்றும் என்று கேட்டதைவிட மானத்தைக் காப்பாற்றும் என்று கேட்டதுதான் அதிகம். இப்போது எழுதும்போதும் கூசுகிறது.

ஜெனி உருகிப்போய்க்கொண்டிருந்தாள். நர்ஸிங் படிக்க ஆசை. அந்தத் தாளில் இருந்த வரியால், ராணுவத்தில் இருந்தவர்களுக்குக் கிடைக்கிற படிப்பு உதவி இல்லை என்றார்கள். முதுகு வலிக்கு முன்னாள் வீரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அங்கேயும் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்கள். வேலைக்கு விண்ணப்பம் போட்டால் அந்தத் தாளின் நகல் கேட்டார்கள். கடைசியில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கப் போனாள். சபைக்கு வருவதை நிறுத்தினாள். ஒரு நாள் அவள் அம்மாவிடம், “நான் இல்லாம இருந்திருந்தா உங்களுக்கு நிம்மதியா இருந்திருக்கும்ல?” என்று கேட்டிருக்கிறாள். கிரேஸ் அதைப் பயந்துபோய் என்னிடம் சொன்னாள். எனக்கும் பயம் வந்தது. வந்த பயத்தையும் நான் கோபமாகத்தான் காட்டினேன்.

டிஸ்சார்ஜைத் திருத்திக் கேட்க ஒரு மறுஆய்வுக் குழு இருக்கிறது என்று இன்டர்நெட்டில் படித்தேன். விண்ணப்பத்தை நானே எழுதினேன். நம்ம ஆட்களுக்கே உரிய தப்பை அங்கேதான் செய்தேன். சர்ட்டிஃபிகேட் சேர்த்தேன். நாற்பத்தொன்று! பள்ளிக்கூட மார்க் ஷீட், தமிழ்ப் பள்ளிக் கட்டுரைப் போட்டி, சண்டே ஸ்கூலில் மனப்பாட வசனத்துக்கு வாங்கிய முதல் பரிசு, பியானோ மூன்றாம் நிலை. நாங்கள் எப்பேர்ப்பட்ட குடும்பம் என்று இரண்டு பக்கம். போதைப் பொருள் பற்றி ஒரு வரி கிடையாது. ஜெனி படிக்காமலே கையெழுத்துப் போட்டாள்.

எட்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மறுத்துவிட்டார்கள். நடந்த தவறு எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று விண்ணப்பத்தில் எங்கேயும் விளக்கப்படவில்லை என்று எழுதியிருந்தார்கள். விருப்பமிருந்தால் நேரடி விசாரணை கேட்கலாம் என்று கடைசியில் ஒரு வரி. அந்த வரி என் கண்ணிலேயே படவில்லை.

மறுநாள் காலை. பிப்ரவரி மாதம், நல்ல குளிர். கிச்சன் மேடையில் போனை ஸ்பீக்கரில் வைத்து ஜெப லைனில் சேர்ந்தேன். வழக்கம்போல் சொல்லாத விண்ணப்பம் என்றேன். ரோஸ்லின் அக்கா ஜெபிக்க ஆரம்பித்தார்கள். அந்த நேரம் ஜெனி வேலைக்குக் கிளம்பி இறங்கி வந்தாள். மேஜையில் கிடந்த கடிதத்தைப் பார்த்தாள்.

“இதுல நான் என்ன பண்ணேன்னே நீங்க எழுதலையே அப்பா. தே ஆர் ரைட்,” என்றாள்.

எனக்கு எங்கிருந்துதான் அத்தனை ஆத்திரம் வந்ததோ. “என்னத்தடீ எழுதச் சொல்லுத? டிரக்ஸ் எடுத்ததுக்கு ஆர்மில இருந்து விரட்டிட்டாங்கன்னு எழுதச் சொல்லுதியா? ரெண்டு வருஷமா சபையில ஒவ்வொருத்தன்கிட்டயும் பொய் சொல்லிக்கிட்டு அலையுதேன், உன்னால!” என்று கத்தினேன்.

போனில் ஜெப சத்தம் நின்று போயிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

“தம்பி,” என்றது ஸ்பீக்கர். “நீங்கள் மியூட் போடேல்லை. எல்லாருக்கும் கேட்டது.”

போனை எடுத்து அணைக்கப் போனேன். கை வரவில்லை.

“போனை வையாதேங்கோ,” என்றார் ரோஸ்லின் அக்கா. “பிள்ளை பக்கத்திலயோ நிக்கிறா? பிள்ளை, நான் ரோஸ்லின் அன்ரி. உன்னை ஒண்டு கேக்கலாமோ? ஏனம்மா அதை எடுத்தனி?”

இரண்டு வருஷமும் மூன்று மாதமும் ஒரே கூரைக்குக் கீழே இருந்து நான் கேட்காத கேள்வி அது.

ஜெனி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள், மெதுவாக. ஒரு பயிற்சியின்போது அவர்கள் வண்டி ஓடைக்குள் உருண்டுவிட்டது. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் வண்டிக்கு அடியில் மாட்டிக்கொண்டான். அவனை இழுத்து வெளியே எடுத்ததில் இவள் முதுகு போனது. ஹெலிகாப்டர் வரும்வரை நாற்பது நிமிஷம் அவன் ரத்தத்தை இரண்டு கையாலும் அடைத்துப் பிடித்திருக்கிறாள். அவன் தன் நாயின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தானாம். இவள் மடியிலேயே இறந்துவிட்டான். முதுகு வலிக்குக் கொடுத்த மாத்திரை சில வாரத்தில் நின்றது. வலி நிற்கவில்லை, கண்ணை மூடினால் ஓடைதான். இன்னொருவர் மாத்திரையை வாங்கிப் போட்டிருக்கிறாள். ஒன்று இரண்டானது. பிறகு பரிசோதனை.

“ஐ டிட் இட், ஆன்ட்டி. தப்புதான். எனக்குத் தெரியும்,” என்று தமிழில் முடித்தாள்.

லைனில் அன்று இருந்த அத்தனை பேரோடும் சேர்ந்துதான் பெற்ற அப்பா நானும் அதை முதல் தடவையாகக் கேட்டேன்.

ரோஸ்லின் அக்கா அழுதுகொண்டிருந்தார்கள். “என்ர மூத்தவனும் இப்பிடித்தானம்மா, குடியால. எட்டு வருசமா நானும் இந்த லைன்ல சொல்லாத விண்ணப்பம் எண்டுதான் சொல்லிக்கொண்டு இருந்தனான்,” என்றார்கள். அதன் பிறகு ஒவ்வொருவராக மியூட்டைத் திறந்தார்கள். ஒரு சகோதரி தன் கணவனைப் பற்றிச் சொன்னாள். ஒருவர் தன்னைப் பற்றியே சொன்னார். நான் தரையில் முழங்கால்படியிட்டேன். ஜெனியின் காலருகில்தான். “மன்னிச்சிரும்மா” என்றேன். அவள் குனிந்து என் தலையில் கை வைத்தாள். அன்றைக்கு அவளும் வேலைக்குப் போகவில்லை, நானும் போகவில்லை.

மானத்தைக் காப்பாற்றும் என்று இரண்டு வருஷம் ஜெபித்தேன். அதை ஆண்டவர் ஒரே காலையில் முப்பது வீட்டுக்கு முன்னால் உடைத்துப் போட்டார். அது கோபத்தில் செய்ததல்ல. எங்களுக்கு வேண்டிய உதவி அத்தனையும் அந்த முப்பது வீட்டுக்குள்தான் இருந்தது.

ஜெப லைனில் சேருகிறவர்களில் ஒருவர், சான் அன்டோனியோவில் இருக்கிற வில்சன் பிரதர், அன்று மத்தியானமே கூப்பிட்டார். ஒரு சட்டக் கல்லூரியில் முன்னாள் வீரர்களுக்கு இலவசமாக வழக்கு எடுத்துக்கொள்கிறார்கள் என்றார். அங்கே ஒரு வக்கீல் அம்மா என் நாற்பத்தொரு சர்ட்டிஃபிகேட்டையும் பொறுமையாகப் புரட்டிவிட்டு, கட்டாகத் திருப்பிக் கொடுத்தார்கள். “இதில் உங்கள் மகள் எங்கே இருக்கிறாள்?” என்று கேட்டார்கள். மறுப்புக் கடிதத்தின் கடைசி வரியைக் காட்டி, நேரடி விசாரணை கேட்கலாம் என்றார்கள். விபத்து அறிக்கை, முதுகு ஸ்கேன், மனநல மருத்துவரின் கடிதம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். அன்று ஓடைக்கரையில் கூடவே நின்ற சார்ஜென்ட்டைத் தேடிப் பிடித்தார்கள். அவர் மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். ஜெப லைனிலிருந்து பதினான்கு பேர் கடிதம் எழுதினார்கள். நல்ல குடும்பத்துப் பெண் என்று ஒருவரும் எழுதவில்லை. அந்தக் காலையில் அவள் பொய் சொல்லாமல் பேசியதைக் கேட்டோம் என்று எழுதினார்கள்.

ஜெனி வாரம் ஒரு தடவை கவுன்சிலிங் போனாள். தானே கேட்டு மாதாமாதம் சிறுநீர்ப் பரிசோதனை செய்து, அந்தத் தாள்களையும் வக்கீலிடம் கொடுத்தாள். காலை ஆறு மணிக்கு அவளும் என் பக்கத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். எங்கள் ஜெபமும் மாறியது. “ஆண்டவரே, உண்மையைச் சொல்ல வாயைத் தாரும்” என்று கேட்டோம்.

விசாரணை அக்டோபரில், வீடியோவில் நடந்தது. எங்கள் டைனிங் டேபிள்தான் கோர்ட்டு. திரையில் ஐந்து அதிகாரிகள். ஜெனி இருபது நிமிஷம் பேசினாள். செய்த தவறை முதலில் சொன்னாள். ஓடையை அதற்குப் பிறகுதான் சொன்னாள். குரல் உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. அடுத்து சாட்சியாக என்னைக் கூப்பிட்டார்கள். நான் உணர்ச்சிவசப்பட்டு இரண்டு நிமிஷம் பேசியிருப்பேன். குழுத் தலைவர் கையை உயர்த்தினார். “சார், நீங்கள் மியூட்டில் இருக்கிறீர்கள்.”

ஜெனி சிரித்துவிட்டாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு என் மகள் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். “இப்ப போய் மியூட்டா அப்பா!” என்று அவளே எட்டிப் பொத்தானை அமுக்கினாள். திரையிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். எழுதி வைத்திருந்த தாளை நான் ஓரமாக வைத்தேன். “முதல் விண்ணப்பத்தில் மறைத்தது நான். அவள் எதையும் மறைக்கவில்லை. அவளைத்தான் நான் மறைத்து வைத்திருந்தேன்,” என்றேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்ல இருந்தது.

பத்து வாரம் காத்திருந்தோம். ஒரு வியாழக்கிழமை நான் ஆபீஸில் மீட்டிங்கில் இருக்கும்போது கிரேஸ் கூப்பிட்டாள். விசும்பிக்கொண்டே இருந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு ஜெனி போனை வாங்கினாள். “அப்பா, ஆனரபிள். ஃபுல் ஆனரபிள்! காரணத்தையும் மாத்திட்டாங்க. டிரக்ஸ்ன்ற வார்த்தையே இல்ல,” என்றாள். நான் எழுந்து நின்று, “ஸ்தோத்திரம்!” என்று கத்திவிட்டேன். அந்த அறையில் தமிழ் தெரிந்தவர் எவரும் இல்லை. ஒருத்தர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

மறுநாள் காலை ஜெப லைனில் செய்தியை நான் சொல்லவில்லை, அவளே சொன்னாள். வீட்டில் தமிழில் கேட்டால் இங்கிலீஷில் பதில் சொல்லுகிற பிள்ளை, ஐந்து நிமிஷமும் தமிழிலேயே நன்றி சொன்னாள். நடுநடுவே தப்புத் தப்பாகச் சொன்னாள். குறை கண்டுபிடிக்கிற எனக்கு அன்று ஒரு குறையும் தெரியவில்லை. ரோஸ்லின் அக்கா எல்லோரையும் மியூட்டைத் திறக்கச் சொன்னார்கள். முப்பது வீட்டுக் கைத்தட்டலும் ஒன்றாகக் கேட்டது. யார் வீட்டிலோ மிக்ஸியும் ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது ஜெனி நர்ஸிங் இரண்டாம் செமஸ்டர் படிக்கிறாள். முதுகுக்கு அதே முன்னாள் வீரர்கள் ஆஸ்பத்திரியில் வைத்தியம் நடக்கிறது. ஓடை இன்னும் சில நாள் கனவில் வருகிறது, வந்தால் சொல்கிறாள். நான் கேட்கிறேன். எங்கள் ஹால் போட்டோ அதே ஆணியில்தான் இருக்கிறது. பக்கத்தில் அந்தப் புதுத் தாளைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்றேன். “வேண்டாம்ப்பா, அந்தப் பையனோட போட்டோ மாட்டலாம்,” என்றாள். அவன் அம்மாவிடம் கேட்டு வாங்கினோம். நாயோடு நிற்கிறான்.

பிரியமானவர்களே, உங்கள் வீட்டிலும் பூட்டிய அலமாரியில் ஒரு கவர் இருக்கலாம். அதை மறைத்து வைக்கும்படி ஆண்டவரிடம் கேட்காதீர்கள். அவர் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன்னால், அந்தக் கவரைக் கொண்டுவந்த பிள்ளையிடம் போய், ஏன் என்று ஒரு தடவை கேளுங்கள். என்னைப் போல இரண்டு வருஷத்துக்கு மேல் தாமதிக்காதீர்கள். இன்றைக்கே போய்க் கதவைத் தட்டுங்கள்.