தூங்கும் லெப்டொப்பும் மூன்றாவது கணக்கும்

என் வீட்டுக்காரர் பிள்ளையைத் தூங்க வைத்து நான் பார்த்ததில்லை. லெப்டொப்பை மட்டும் தானேதான் தூங்க வைப்பார். அதையும் எல்லோரையும் போல மூடியைச் சாத்திவிட்டு எழும்ப மாட்டார். கறுப்புத் திரையைத் திறந்து, வெள்ளை எழுத்தில் ஒரு வரி தட்டி, அது அடங்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். அந்த வரிக்குப் பெயர் கமாண்ட். பெட்டரியில் மிச்சம் எவ்வளவு என்று கேட்க ஒரு கமாண்ட், திரை வெளிச்சத்தைக் குறைக்க ஒன்று, உள்ளே ஓடும் வேகத்தைக் குறைக்க இன்னொன்று.

"மௌசால ஒரு தட்டு தட்டினா ஆகாதா?" என்று கேட்டால், "அதெல்லாம் மேலோட்டம்" என்பார். மனுஷனுக்கு ஆழம் வேண்டும்.

நான் உக்குவளையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். தவணைப் பரீட்சைக்கு நான் கையால் எழுதும் வினாத்தாளை அவர் டைப் அடித்து, கண்டியில் ஓர் அச்சகத்தில் கொடுப்பார். சிடியில் கொண்டுபோனால் தமிழ் எழுத்து அங்கே குழம்பிவிடும் என்று லெப்டொப்பையே தூக்கிப் போவார். யுத்தம் முடியாத காலம். வழியில் செக்பொயின்டில் அதை ஓன் பண்ணிக் காட்ட வேண்டும். ஓன் ஆகாத லெப்டொப் லெப்டொப்பே அல்ல, வேறு ஏதோ சாமான். கொண்டுவந்தவரும் வேறு ஏதோ ஆள்.

பெட்டரியோ கிழடு. அதனால் வீட்டில் கரண்ட் இல்லாத நேரம் அதை யாரும் தொடக்கூடாது. மகள் ஒரு பாட்டுக் கேட்டாலும் ஓடிவந்து மூடுவார். தான் லெப்டொப் என்று நிரூபிப்பதைத் தவிர வேறு வேலையே இல்லாத லெப்டொப் எங்கள் வீட்டில்தான் இருந்தது.

அதற்கு இரண்டு தூக்கம் உண்டு என்று எனக்கு வகுப்பே எடுத்தார். ஒன்று லேசான தூக்கம். தட்டினதும் எழும்பும், ஆனால் கொஞ்சம் பெட்டரி குடிக்கும், ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மெதுவாகச் சிமிட்டும். மற்றது ஆழ்ந்த தூக்கம். எல்லாவற்றையும் டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு முழுக்க அணைந்துவிடும், விளக்கும் இல்லை. ஆனால் எழும்ப நேரமெடுக்கும். செக்பொயின்டில் துவக்கோடு நிற்கிற சிப்பாய் முன்னால் அவ்வளவு நேரம் யார் நிற்பது? அதனால் எப்போதும் லேசான தூக்கம்தான்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். மறுநாள் அச்சேற வேண்டிய ஐந்தாம் ஆண்டுத் தாள் அது. லெப்டொப்பைத் துணிப்பையில் போட்டு, பஸ்ஸில் தலைக்கு மேலே சாமான் தட்டில் வைத்துவிட்டு, அதற்குக் கீழேயே அவர் தூங்கிப்போனார். இந்தத் தூக்கத்துக்குக் கமாண்ட் எதுவும் தேவைப்படவில்லை.

கொஞ்ச தூரத்தில் யாரோ சிங்களத்தில் கத்தினார்கள். பைக்குள்ளே விளக்கு சிமிட்டுகிறதாம். பஸ்ஸில் குண்டு வைத்த செய்தி அடிக்கடி வந்த நாட்கள் அவை. பிரேக் போட்டதுதான் தெரியும், ஆட்கள் என்னையும் தள்ளிக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். திரும்பிப் பார்த்தால் பஸ்ஸுக்குள் ஒரே ஒரு ஆள், வாய் பிளந்து தூங்கிக்கொண்டு.

"அது எங்கட பை, கொம்பியூட்டர்!" என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கத்தினேன். எல்லோரும் பையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் தமிழ் பேசுகிறவள் என்று என் உச்சரிப்பே காட்டிக்கொடுத்திருந்தது.

நானே போய் அவரை உலுக்கி எழுப்பினேன். கீழே வந்து மூடியைத் திறந்தார். உடனே எழும்பியது, அவர் பீற்றிக்கொண்டபடியே. ஆனால் வந்தது அந்தக் கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்தும். கூட்டம் இன்னும் ஓரடி பின்னால் போனது. அவசரமாக என் கணக்குத் தாளைத் திறந்து காட்டினார். கண்டக்டர் நல்ல மனுஷன். "சரி மாத்தயா, நீங்க அடுத்த பஸ்ல வாங்க" என்று மரியாதையாகவே சொன்னார். பஸ் எங்களை விட்டுவிட்டுப் போனது. திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

ரோட்டோரத்தில் நின்று என் ஹேண்ட்பேக்கிலிருந்து காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டர் ஒன்றை எடுத்தேன். "இந்தாங்க, அந்த வெளக்கு மேல இத ஒட்டுங்க. கமாண்டும் வேணாம் ஒன்னும் வேணாம்."

"வேணாம் புள்ள. ஒட்டினா, எதுக்கு மறைச்சேன்னு கேப்பாங்க. நா என்ன சொல்ல?"

இத்தனை நாளும் நான் கிண்டல் செய்த கமாண்டுகளுக்குப் பின்னால் இருந்தது பைத்தியம் அல்ல, பயம் என்று அங்கேதான் விளங்கியது. பிளாஸ்டரைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

அடுத்த பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்ததும் அவர் செய்த காரியத்தை என்னால் நம்ப முடியவில்லை. லெப்டொப்பை மடியில் திறந்து வைத்து, வெளிச்சத்தை முழுக்கக் கூட்டி, கணக்குத் தாளை எல்லோருக்கும் தெரியும்படி திருப்பி வைத்தார். பெட்டரியைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த மனுஷன், வழி நெடுக அதைக் கொட்டிக்கொண்டே வந்தார். செக்பொயின்டுக்குக் கொஞ்சம் முன்னால் திரை அணைந்தது.

எல்லோரையும் இறக்கி வரிசையில் நிறுத்தினார்கள். சிப்பாய் லெப்டொப்பைப் பார்த்து, "ஓன் பண்ணு" என்றான். இவர் அழுத்தினார். மறுபடி அழுத்தினார். அந்தச் சின்ன விளக்குகூடச் சிமிட்டவில்லை. "பெட்டரி முடிஞ்சிருச்சு" என்று அவர் சொன்னது எனக்கே பொய்யாகக் கேட்டது. சிப்பாய் ஐடென்டிட்டி கார்டை வாங்கிக்கொண்டு, அவரைத் தனியாக வரச் சொன்னான்.

பின்னால் நின்ற ஒரு சிங்கள அம்மா, பஸ்ஸில் எங்களுக்கு அடுத்த சீட்டில் வந்தவர், குரலை உயர்த்தினார். "தம்பி, அது வழி முழுக்க எரிஞ்சுக்கிட்டுத்தான் வந்துச்சு. சின்னப் பிள்ளைங்க கணக்கு. நான் பார்த்தேன். தமிழ் எழுத்து விளங்கல்ல, இலக்கம் விளங்குச்சு. அதுல மூணாவது கணக்கு பிழை, குடுத்த நாலு விடைல ஒன்னும் சரி இல்ல."

சிப்பாய் அவரைப் பார்த்தான், பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்தான். இவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் என் பக்கம் கையைக் காட்டினார். "கணக்குப் போட்டது இவ. நான் டைப் அடிச்சது மட்டும்தான்!"

சிப்பாய் சிரித்துவிட்டு ஐடென்டிட்டியைக் கொடுத்தான். வரிசை முழுக்கச் சிரித்தது. அத்தனை பேரும் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள், பிழையாகக் கணக்குப் போட்ட ஒரு டீச்சரைப் பார்த்து. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது.