மச்சான் தலையில் சிவப்புத் துணி

என் பெண்டாட்டியின் தம்பி தண்டல் ஆன நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு பற்றி எரிகிறது. வயசானால் ஆறிவிடும் என்றார்கள். எங்கே ஆறுகிறது?

அப்போது பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்தார்கள். அவர்களுடைய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் வெளிக்கடலில் நிற்கும். எங்கள் குப்பத்துப் படகுகள்தான் துணி மூட்டைகளை ஏரியிலிருந்து முகத்துவாரம் தாண்டிக் கொண்டுபோய் ஏற்றும். படகுக்குத் தலைவன் தண்டல். பின்னால் நின்று படகைத் திருப்புவதும், அலை பார்த்துக் குரல் கொடுப்பதும் அவன் வேலை. தலையில் கட்ட அவனுக்குக் கோட்டையிலிருந்து ஒரு சிவப்புத் துணி கிடைக்கும். மீசை முளைத்த நாளிலிருந்து எனக்கு அந்தத் துணியின் மேல்தான் கண்.

துடுப்புப் போடுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எங்கள் பழைய தண்டலுக்குக் கண் மங்கியபோது, அடுத்தது நான்தான் என்று இருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்?

மச்சானோ நோஞ்சான். சுண்ணாம்புக்குளத்திலிருந்து பிழைக்க வந்து என் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவன். வந்த புதிதிலேயே, "நா ஒரு நாளு தண்டல் ஆவேன் மாமா" என்றான். எனக்குச் சிரிப்பில் கஞ்சி புரையேறிவிட்டது. அவன் கோபப்படவில்லை. மறுநாள் விடிந்ததும் முகத்துவாரத்தில் போய் நின்றான். அப்புறம் தினமும் அதே வேலை. மணல்மேடு எந்தப் பக்கம் நகர்கிறது, தண்ணீர் எங்கே இழுக்கிறது என்று குச்சி நட்டு நட்டுப் பார்ப்பான்.

"இன்னாடா, கடலுக்குக் காவலா?" என்பேன்.

"வழி மாறிக்கினே கீது மாமா. தெரிஞ்சி வெச்சிக்க வேணாவா?"

அது போதாதென்று, எங்கள் படகில் துடுப்புக்குச் சேர்ந்த பிறகு, மற்றவர்கள் சாப்பிட்ட பின்தான் கஞ்சியில் கை வைப்பான். ஒருத்தனுக்குக் காய்ச்சல் என்றால் அவன் மூட்டையையும் சேர்த்துத் தூக்குவான், அந்த உடம்பை வைத்துக்கொண்டு! எல்லாம் நடிப்பு என்று பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் அக்காவாயிற்றே! "வருசக்கணக்கா எவன் நடிப்பான்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் வழக்கப்படி தண்டலைத் துடுப்புக்காரர்களேதான் தேர்ந்தெடுப்பார்கள். ஆசைப்படுகிறவர்கள் மணலில் வந்து நிற்க வேண்டும். யார் குரலுக்கு உழைக்கச் சம்மதமோ அவன் காலடியில் துடுப்பை வைக்க வேண்டும். நானும் மச்சானும் நின்றோம். நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். ஒவ்வொருத்தனும் வந்தான், என்னைப் பார்த்துப் பாசமாகச் சிரித்தான், துடுப்பை மச்சான் காலடியில் வைத்தான். கடைசியில் என் கூடப்பிறந்த தம்பி வந்தான். காலையில் என் பங்கு மீனையும் தின்றவன். அவனும் அங்கேயே வைத்தான்.

"அடப்பாவி, எனுக்கு இன்னாடா கொறச்சலு?" என்று பிறகு அவனைப் பிடித்துக் கேட்டேன்.

"கொறச்சலு இல்லண்ணா. உன் வேகத்துக்கு எங்களால வர முடியல. நீ திரும்பியும் பாக்க மாட்ற."

அன்றே சரக்கு ஏற்ற வேண்டியிருந்தது. மச்சான் தலையில் அந்தச் சிவப்புத் துணி நழுவி நழுவிக் கண்ணில் விழுந்தது. கட்டக்கூடத் தெரியவில்லை, அவன் தண்டலாம்! நான் கரையிலேயே நின்றேன்.

"மாமா, மொத துடுப்பு உன்னுதுதான். நீ ஏறலன்னா நானும் படக எடுக்க மாட்டேன்" என்றான். ஊரே பார்த்தது. ஏறித் தொலைத்தேன். ஆனால் இவன் சொல்லுக்கு என் கை அசையாது என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

துடுப்புப் போடுகிறவனுக்குக் கடல் முதுகுப் பக்கம். வருகிற அலை தண்டல் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும். முகத்துவாரத்தில் அவன் முகம் மாறியது. "இரு... இரு..." என்றான். எல்லாத் துடுப்பும் நின்றது. "போடு!"

போடக்கூடாது என்று நான் நினைத்து முடிப்பதற்குள் என் கை போட்டுவிட்டது.