ஒற்றை சீட்டுப் புதிர்

எனக்கு ஓட்டை வாய். வீட்டில் சொல்வார்கள், கம்பெனி பஸ்ஸிலும் சொல்வார்கள். ஒரு சேதி என் காதில் விழுந்தால், பாண்டி உப்பளத்தில் ஏறி சேதராப்பட்டில் இறங்குவதற்குள் பஸ்ஸில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட நான் ஒரே ஒரு சேதியை ஒன்றரை மாதம் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தேன். இன்று வரை அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே மரியாதை வருகிறது.

எங்களில் பாதிப் பேருக்குச் செல்போன் வராத காலம் அது. சுவிட்ச் செய்யும் கம்பெனி, பஸ் நிறையப் பெண்கள், போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். பொழுது போவதற்குக் கடைசி நீள சீட்டில் ஒரு விளையாட்டு ஓடும். அதை ஆரம்பித்தவர் கருவடிக்குப்பத்தில் ஏறும் அக்கா. அவர் ஒரு கதையின் வாலை மட்டும் சொல்வார். நாங்கள் கேள்வி கேட்டுத் தலையைக் கண்டுபிடிக்க வேண்டும். எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம். ஆனால் அவர் வாயிலிருந்து மூன்றே பதில்தான் வரும்: ஆமா, இல்ல, தேவையில்ல.

ஒரு தடவை இப்படிச் சொன்னார். ஒருத்தன் வண்டியில் பெட்ரோல் தீர்ந்துவிட்டது. எதிரிலேயே பங்க் திறந்திருக்கிறது, கையில் காசும் இருக்கிறது. அவனோ வேர்க்க விறுவிறுக்க இன்னும் ஒரு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறான். நான் எடுத்த எடுப்பில் "ஏன்?" என்று கேட்டேன். "ஏன்னு கேக்கக் கூடாதுடி. ஆமா, இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேளு" என்றார் அக்கா. இதை என்னிடம் அவர் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். நான் உடற்பயிற்சியா, வேண்டுதலா, பங்க்காரனோடு சண்டையா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தபோது, முன்னாலிருந்து டிரைவர் அண்ணன் திரும்பாமலே விடையைச் சொல்லிவிட்டார். அந்த பங்க் தமிழ்நாட்டு எல்லையில் இருக்கிறது. ஒரு கிலோமீட்டர் தள்ளினால் பாண்டி வந்துவிடும், பெட்ரோல் விலை குறைவு. தினமும் அந்த எல்லையைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், எனக்குத் தோன்றவில்லை.

விடை கண்டுபிடிப்பவர்தான் அடுத்த புதிர் போட வேண்டும் என்பது சட்டம். சேர்ந்து ஒரு வருஷமாகியும் அக்காவின் புதிர் ஒன்றைக்கூட நான் அவிழ்த்ததில்லை. நானே யோசித்து வைத்த புதிர்கள் ஏழெட்டு என்னிடம் வீணாகக் கிடந்தன. எப்படியாவது ஒரு தடவை ஜெயித்துவிட வேண்டும் என்று வெறியாக இருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அக்கா கடைசி சீட்டுக்கு வரவில்லை. சாப்பாட்டுப் பையை வைத்து நான் பிடித்திருந்த இடம் காலியாகவே இருந்தது. முன்படிக்கட்டை ஒட்டி ஓர் ஒற்றை சீட் உண்டு. இன்ஜின் சூட்டுக்குப் பயந்து யாரும் அதில் உட்கார மாட்டார்கள். அக்கா அதில் போய் உட்கார்ந்துகொண்டு, எங்களைத் திரும்பிப் பார்த்து அன்றைய புதிரைப் போட்டார். "எட்டு வருஷமா கடைசி சீட்டுல உக்காந்த ஒரு பொம்பள, ஒரு நாளு முன்னாடி வந்து உக்காந்துட்டா. சனிக்கெழமைக்குள்ள கண்டுபுடிங்க."

மூன்று நாள் பஸ்ஸின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்தினோம். டிரைவர் போடும் பாட்டுக்காகவா? இல்ல. பின்னால் கூரை ஒழுகுகிறதா? இல்ல. இவளோடு சண்டையா என்று ஒருத்தி கேட்டாள், அதற்கும் இல்ல. என்னை முறைத்துக்கொண்டே கேட்டாள் அவள். ஸ்பீடு பிரேக்கரில் தூக்கிப் போடுவதாலா என்று கேட்டபோது மட்டும் ஆமா வந்தது. உடனே இடுப்பு வலியா, மூட்டு வலியா, மூலமா என்று ஒரு ஆஸ்பத்திரியே நடத்திவிட்டோம். எல்லாம் இல்ல.

வியாழக்கிழமை கோரிமேடு தாண்டும்போது, எரிச்சலில் விளையாட்டாக நான் ஒன்றைக் கேட்டேன். "அந்த சீட்டுல அவ ஒருத்திதான் உக்காந்திருக்காளா?"

அக்கா "இல்ல" என்றார்.

பஸ் முழுக்கச் சண்டைக்கு வந்தது. ஒற்றை சீட்டில் இன்னொருவர் எப்படி உட்கார முடியும், அக்கா தப்பாகப் பதில் சொல்கிறார் என்றார்கள். அக்கா அசையவில்லை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அக்காவுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அவர் மனசு நோகக் கூடாது என்று குழந்தைப் பேச்சையே அவர் எதிரில் எடுக்காமல் நாங்கள் எல்லாரும் பழகியிருந்தோம். பழகிப் பழகி, அந்தப் பக்கம் யோசிப்பதையே விட்டிருந்தோம். ஜெயித்துவிட்டேன் என்று எழுந்து நின்றுவிட்டேன். அக்கா என்னைப் பார்த்து, சொல்லாதே என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக, திறந்த வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

கம்பெனியில் கை கழுவும் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "நீ சேர்றதுக்கு முன்னாடி ஒரு வாட்டி வயித்துல தங்குச்சிடி. பஸ்ஸு பூரா சொல்லிட்டேன். பத்தே நாளுல ஒண்ணுமில்லாம போச்சு. இந்த வாட்டி மூணு மாசம் முடியற வரைக்கும் வாயால சொல்ல மாட்டேன்னு அம்மனுக்கு வேண்டிக்கிட்டேன். ஆனா சொல்லாம இருக்கவும் முடியல. ஆமா, இல்லன்னா சொன்னதா ஆவாது இல்ல?"

ஆகாது என்று அம்மன் சார்பில் நானே தீர்ப்புச் சொன்னேன். அவர் சிரித்தார், அழவும் அழுதார். எனக்கும் அழுகை வந்தது.

சனிக்கிழமை யாரும் கண்டுபிடிக்கவில்லை. விடையைச் சொல்லச் சொல்லி நச்சரித்தார்கள். விடை வர நாளாகும் என்று அக்கா சொல்லிவிட்டார். ஒரு வருஷம் ஆகியும் ஒன்றுகூட முடியவில்லையே என்று என்னை ஓட்டினார்கள். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அதே வாரத்திலிருந்து டிரைவர் அண்ணன் ஸ்பீடு பிரேக்கர் வந்தால் முட்டைக் கூடை ஏற்றியவர் போல வண்டியை உருட்ட ஆரம்பித்தார். தினமும் லேட், கம்பெனி கேட்டில் திட்டு. கேட்டால் பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை உடைந்திருக்கிறது என்பார். பட்டை நன்றாகத்தான் இருந்தது. அவர் புதிரில் கெட்டிக்காரர் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு காலை, அக்கா ஒரு டப்பா மைசூர்பாகோடு ஏறினார். ஒற்றை சீட்டைப் பிடித்து நின்றுகொண்டு விடையைச் சொன்னார். பஸ்ஸில் எழுந்த சத்தத்தில் டிரைவர் அண்ணன் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். அது அடங்கியதும் அக்கா என்னைக் கைகாட்டினார். "இவ அன்னிக்கு வியாழக்கெழமையே கண்டுபுடிச்சிட்டா. அடுத்த புதிரு அவளுதுதான்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. ஒருத்தரும் நம்பவில்லை. என்னை முறைத்தவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "ஏண்டி சொல்லல?"

"ஏன்னு கேக்கக் கூடாது. ஆமா, இல்லன்னு பதில் வர்ற மாதிரி கேளு."

அவள் மைசூர்பாகை மென்றுகொண்டே யோசித்தாள். பிறகு கேட்டாள்: "ரொம்ப கஷ்டமா இருந்துச்சா?"

"ஆமா" என்றேன்.