வியாழனும் பன்றி வேலியும்

என் மருமகள் கௌசிகா பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள். எருத்தேன்பதியில் எங்கள் கடலைக்காட்டு ஓரம், இரண்டு தென்னைகளுக்கு நடுவே செம்புக்கம்பி கட்டி வியாழனைக் கேட்டவள்.

அவள் சொன்னதில் எனக்குப் பிடிபட்டது இவ்வளவுதான். வியாழன் பெரிய காந்தம். மின்சாரம் ஏறிய, கண்ணுக்கே தெரியாத துகள்கள் அதன் பிடியில் சிக்கிப் பேய்வேகத்தில் சுழல்கின்றன. அதன் ஒரு நிலாவில் எரிமலை கக்குவதும் அதில்தான் போய்ச் சேர்கிறது. அந்த ஓட்டத்தில் எழும் இரைச்சல் சில நேரம் ரேடியோவில் நம் காடுவரை கேட்குமாம். அதைப் பதிந்து அனுப்பினால் ஆராய்ச்சிப் படிப்புக்குச் சேர்த்துக்கொள்வதாகக் கோயமுத்தூரில் ஒரு கல்லூரி சொல்லியிருந்தது. கெடு கார்த்திகை முடிய.

ஐப்பசியில் தினமும் விடியுமுன் கேட்டாள். கடுகு வெடிப்பதுபோல் சத்தம் வந்தது. வியாழன்தான் என்று பதிந்து அனுப்பியும்விட்டாள்.

பிறகு ஒருநாள், பன்றி வராமலிருக்கப் போட்ட கரண்ட் வேலியை, அதன் அடியில் புல் செதுக்குவதற்காக என் வீட்டுக்காரர் ரத்தினசாமி நிறுத்தினார். திரும்பப் போட மறந்தார். மறுநாள் வியாழன் வாயே திறக்கவில்லை. பனியில் நனைந்த புல் வேலிக்கம்பியில் பட்டுப் பொறி பறந்த சத்தத்தைத்தான் அத்தனை நாளும் பதிந்திருக்கிறாள்.

"ஏனம்மிணி, உன்ற வியாழன் நம்ம கடலைக்குத்தான் காவலிருந்தானாட்ட இருக்குது!" என்றார் அவர்.

"ஏமாந்தது நாந்தானுங்க மாமா. அது தப்புன்னு இன்னைக்கே எழுதிப்போடறேனுங்க."

"எழுதாட்டி ஆருக்குத் தெரியப்போகுது?"

"நாளைக்கு வேற ஆராச்சும் உங்க வேலியக் கிரகம்னு படிச்சுட்டிருப்பாங்க. செதுக்குனாலும் புல்லு திரும்ப மொளைச்சுரும். இனி விடியால ஒருமணி நேரம் வேலிய நிறுத்தோணுமுங்க."

"காய் முத்தி நிக்குது. ஒருமணி நேரம் பன்னிக்குப் போதாதா?"

நிறுத்தத்தான் வேண்டும் என்று நான் பிடித்த பிடியை விடவில்லை. கடைசியில் தட்டிப் பன்றி விரட்டத் தகரடின்னைத் தூக்கிக்கொண்டு அவரே கிளம்பினார்.

"இதைத் தட்டுனா உன்ற வியாழனுக்கு ஆகாதா?"

"எத்தனை வேணாலும் தட்டுங்க மாமா. கரண்ட் பொறிதான் ஆகாது."

பதினொரு நாள் ஒன்றுமில்லை. பன்னிரண்டாம் நாள், கரையில் அலை ஏறி இறங்குவதுபோல் ஓர் இரைச்சல். வியாழன் கேட்கும் என்று அவள் முன்கூட்டிக் கணக்கிட்டுக் குறித்து வைத்திருந்த அதே நேரம். இவர் தட்டுவதை நிறுத்திவிட்டு ரேடியோப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். ஒன்பது நிமிஷம். அதற்குள் பன்றிகள் வாய்க்கால் ஓரம் நாலு பாத்தியைக் கிளறிவிட்டன. அதை அவர் அவளிடம் சொல்லவில்லை. என்னிடம்தான் ஒரு வாரம் சொன்னார்.

இந்தமுறை அனுப்பிய கடிதத்தில், வேலியை நிறுத்தியிருந்தோம் என்பதைத்தான் முதல் வரியாக எழுதினாளாம். தை மாதம் சேர்த்துக்கொண்டார்கள்.