உள்ளே இருப்பவருக்கு நான் பொறுப்பு

லாக்கப் பாரா என்றால் ஆள் தப்பாமல் பார்த்துக்கொள்வது என்றுதான் வெளியே நினைப்பார்கள். உண்மையில், உள்ளே போனவர் போனபடியே திரும்ப வேண்டுமே என்று கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தவிக்கும் வேலை அது. வீட்டில் நோயாளி தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்திருந்தால் உங்களுக்கும் இந்தத் தவிப்பு தெரியும். காரைக்காலில் எழுபதுகளிலும் எண்பதுகளிலும் என் பிழைப்பு அப்படித்தான் போனது.

கயிறு

லாக்கப்பில் போடும்முன் வேட்டி, துண்டு, அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் வாங்கிவிடுவோம். கழுத்தில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம். வரப்புத் தகராறில் மண்வெட்டியை ஓங்கிய பூவத்துப் பெரியவர் ஒருவர் வேட்டியைத் தாராளமாக அவிழ்த்துக் கொடுத்தார். கத்தரிக்கோலை இடுப்பருகே கொண்டுபோனதும் சுவரோடு ஒட்டிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் அந்தக் கயிற்றைப் பிணத்துக்குத்தான் அறுப்பார்கள். "நான் சாவக் கூடாதுன்னுட்டு, செத்தவனுக்குச் செய்யுறத எனக்கு இப்பவே செய்யுறீங்களே, நல்லா இருக்கா?" என்றார்.

அறுக்கவும் மனம் வரவில்லை, விடவும் பயம். கயிற்றோடு உள்ளே விட்டு, எதிரே பெஞ்சைப் போட்டுக்கொண்டு கண் எடுக்காமல் உட்கார்ந்தேன். சாயங்காலம்வரை பொறுத்தவர், வாய்விட்டே கேட்டார்: "ஏங்க தம்பி, எம் பொண்டாட்டிகூட என்னை இப்படிப் பார்த்ததில்லையே!"

தண்ணீர்

அப்போது எங்கள் ஸ்டேஷனில் பெண் போலீஸ் கிடையாது. மார்க்கெட்டில் நடந்த சண்டைக்காகத் திருமலைராயன்பட்டினத்து மீன்காரம்மா ஒருவரைக் காலையில் கூட்டிவந்து உட்கார வைத்திருந்தார்கள். நல்ல வெயில். செம்பில் தண்ணீர் நீட்டினேன்; வேண்டாம் என்றார். மறுபடி நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம் என்று நினைத்து, எனக்கும் கோபம் வந்தது.

மத்தியானம் அந்தம்மாவுக்கு உதடு வெடித்துப்போய் இருந்தது. மனது கேட்காமல், எதிர் டீக்கடைக்காரரின் மனைவியைக் கூப்பிட்டு அவர் பக்கத்தில் உட்கார வைத்தேன். அதற்குப் பிறகுதான் செம்பை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். என்னைப் பார்க்காமலே சொன்னார்: "தண்ணி குடிச்சா அப்புறம் வெளியே போவ உங்ககிட்டதானே வந்து கேக்கணும்? அதுக்கு நாக்கு வறண்டே கெடக்கட்டும்னு இருந்தேன்."

வாடை

எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் மதுவிலக்கு வந்தால், இந்தப் பக்கம் எங்கள் லாக்கப் நிரம்பும். அதனால் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடப்பவர் எவரானாலும் எங்களுக்குக் குடிகாரர்தான். ஒருநாள் காலை அப்படி ஒருவரை ஏட்டையா ஜீப்பில் தூக்கிவந்து, ஏற்கனவே கிடந்த இருவரோடு படுக்க வைத்தார்.

மத்தியானம் நான் பாராவுக்கு வந்தபோது, சில்லென்ற சிமெண்டுத் தரையில் கிடந்தவருக்கு வியர்வை ஊற்றிக்கொண்டிருந்தது. குடித்தவருக்கு இப்படி வியர்க்குமா? வியர்க்கலாம். குனிந்து முகர்ந்தேன். வாடை இருந்தது, அது இவருடையதா, பக்கத்தில் கிடந்தவர்களுடையதா? தோளைப் பிடித்து உலுக்கினேன். கண் திறக்கவில்லை.

"டாக்டரைக் காட்டிடலாம் ஏட்டையா."

"குடிகாரனுக்கெல்லாம் டாக்டரா? ஆஸ்பத்திரியில சிரிப்பாங்கய்யா. தெளிஞ்சா தானா எந்திரிச்சுப் போவான்."

"தெளியலன்னா?"

ஏட்டையா சாவியைத் தூக்கிப் போட்டார். ரிக்‌ஷாவில் கிடத்திக் கொண்டுபோனேன். சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியதில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, இன்னும் தாமதித்திருந்தால் போயிருப்பார் என்றார் டாக்டர். குளுக்கோஸ் ஏறியதும் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

பின்னாலேயே வந்த ஏட்டையா, சிவப்புத் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கட்டிலில் இருந்தவரிடம், "ஏன்யா, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லக்கூடாதா?" என்றார்.

அவர் கோபப்படக்கூட இல்லை. "சொன்னேங்கய்யா. பஸ் ஸ்டாண்டுல சொன்னேன், உங்க ஜீப்புலயும் சொன்னேன். நல்லா உளர்றான்னு சிரிச்சீங்க."

ஆளைப் பிடித்ததற்கு எனக்கு மெடல் குத்தியிருக்கிறார்கள். பிடித்த ஆளை உயிரோடு வீட்டுக்கு அனுப்பிய நாட்களில், நான் போய் நிம்மதியாக ஒரு டீ குடித்ததோடு சரி.