முயல்தீவுக்கு அப்பால் அடித்த வெளிச்சம்

யுத்தம் நடந்த வருஷங்களில் என் வீட்டுக்காரர் தோணியில் தண்டல், தோணியை நடத்துகிறவர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிய தோணி, காற்றுக்காக எங்கள் கரைக்கு எதிரே முயல்தீவுக்கு அப்பால் இரண்டு மூன்று நாள் நங்கூரம் போட்டுக் கிடக்கும். அங்கே கிடக்கிறவரோடு பேச நானே ஒரு ஏற்பாடு செய்தேன். யாரும் சொல்லித் தரவில்லை.

முகம் பார்க்கும் கண்ணாடியின் முதுகில், நடுவே மிளகளவு ரசப்பூச்சை ஊசியால் சுரண்டினேன். மொட்டைமாடிச் சுவரில் அதை நிறுத்தி, ஒரு முழம் முன்னால் ஒரு குச்சி நட்டேன். பின்னாலிருந்து ஓட்டை வழியே பார்த்தால் குச்சி நுனியும் தோணியின் பாய்மரமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். பிறகு கண்ணாடியைச் சாய்த்து, வெளிச்சத்தின் நடுவே விழும் கறுப்புப் புள்ளியைக் குச்சி நுனியில் கொண்டுவந்தால் வெயில் நேரே தோணிக்குப் போகும். அரிசி புடைக்கும் சுளகால் மறைத்து எடுத்தால் ஒரு வெட்டு.

எங்கள் இருவருக்கும் எழுத்து அவ்வளவாக வராது. அதனால் எண்ணிக்கைதான். ஒன்று என்றால் சுகம். மூன்று என்றால் உடனே வா. அவர் தன் கண்ணாடியால் அதையே திருப்பி அடிப்பார்.

மாதாகோயில் மணி தோணிக்குக் கேட்காது. மத்தியானச் செபத்துக்கு மணி மும்மூன்றாக அடிக்கும்போது அவர்களும் செபம் சொல்லட்டும் என்று நானும் மும்மூன்றாக வெட்டுவேன். இரண்டும் மூன்றுதானே என்று அப்போது தோன்றவில்லை.

ஒருநாள் காலையில் மாமியாருக்கு நெஞ்சடைத்தது. சாமியார் வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்கு எண்ணெய் பூசும் அவஸ்தைபூசுதல் கொடுத்துவிட்டுப் போனார். தோணியோ அன்று மத்தியானத்துக்கு மேல் புறப்பட இருந்தது. போனால் வரப் பதினைந்து நாள் ஆகும். ஆள் அனுப்ப வள்ளம் இல்லை, எல்லாம் சங்கு குளிக்கப் போயிருந்தன.

"ஏளா, எம் மவன் வாரானா? தினமும் மாடியில ஏறி மினுக்கினியே, இன்னைக்கு மினுக்கு பாப்போம்."

"மினுக்குதேன் மாமி. அதுவரைக்கும் பேசாமக் கிடங்க."

"சாவப்போறவள வாய மூடச் சொல்லுதா பாரு."

மாடிக்கு ஏறினேன். மத்தியான மணி அப்போதுதான் அடித்து ஓய்ந்திருந்தது. மூன்று வெட்டினேன். பதில் இல்லை. மறுபடி மூன்று, மறுபடி மூன்று. தோணியிலிருந்து மும்மூன்றாகப் பதில் வந்தது. செப மணி என்றே நினைத்து, செபம் சொல்லிவிட்டு, கஞ்சிக்கு உட்கார்ந்திருப்பார்கள். திரும்ப அடித்தேன். திரும்பவும் அதே பதில். கொஞ்ச நேரத்தில் பாய் ஏறத் தொடங்கியது.

சுளகைக் கீழே வைத்தேன். வெளிச்சத்தை வெட்டாமல் அப்படியே தோணியின் மேல் விட்டேன். சூரியன் நகர நகரக் கண்ணாடியைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே இருந்தேன். அப்படி ஒரு அடையாளம் எங்களுக்குள் இல்லை. வெயிலில் என் உடம்பெல்லாம் வெந்தது. பாதி ஏறிய பாய் இறங்கியது. தோணியின் சின்ன வள்ளத்தைத் தண்ணீரில் இறக்கினார்கள்.

என் வீட்டுக்காரர் கத்திக்கொண்டேதான் மாடிப்படி ஏறி வந்தார். "ஏளா, கண்ண அவிச்சுப்புட்டியே! செபந்தான் சொல்லியாச்சே, இன்னும் என்ன?"

"உங்க அம்மா" என்றேன்.

கீழே ஓடினார். மாமியார் மகன் கையைப் பிடித்துக்கொண்டு அந்தியாகும் மட்டும் பேசினார். அதில் பாதி என்னைப் பற்றிய புகார். விளக்கு வைக்கும் முன் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்து அவர் அடுத்த நடை போகும்போது, வா என்பதற்கு ஐந்து வெட்டு என்று மாற்றிக்கொண்டோம். செபத்தின் எண்ணிக்கையை மாற்ற அவர் சம்மதிக்கவில்லை.