மஞ்சள் கோடு ஓடிய சுவர்

ஸ்கூடாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்து ஆபீஸுக்கு அப்பா கணக்கெழுதும் கிராணியாக மாற்றலாகிப் போனபோது எனக்கு எட்டு வயது. கம்பெனி கொடுத்த வீடு உள்ளும் புறமும் ஒரே வெள்ளை. "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குங்க" என்று அம்மா நச்சரித்து, அப்பாவைத் துரையிடம் அனுப்பி, வர்ணப்பொடிக்கு அனுமதி வாங்கிவிட்டாள்.

நடுவீட்டுக்கு வெளிர் மஞ்சள், அவளும் அப்பாவும் படுக்கும் அறைக்கு ரோஜா நிறம், சமையலறைக்குப் புகைக்கறை தெரியாத காவி என்று ஒரு வாரம் அவளுக்கு வேறு பேச்சே இல்லை. பின்பக்கத்துச் சிறிய அறை எனக்கு. அதற்கு நிறம் சொல்லும் உரிமையும் எனக்கே. அதுவரை என் பாவாடையின் நிறத்தைக்கூட யாரும் என்னிடம் கேட்டதில்லை, தலைகால் புரியவில்லை. கதவருகே நின்று ஒரு தடவை பார்த்தேன். யோசிக்காமலே வாயில் வந்தது: மேலே பச்சை, கீழே என் இடுப்பளவுக்கு நீலம், இரண்டுக்கும் நடுவே விரல் அகலத்தில் மஞ்சள் கோடு.

"என்னடி இது, வீடா, மாட்டுவண்டியா?" என்று அம்மா சிரித்தாள்.

வர்ணம் அடிக்க வந்தவர் ஒரு சீனக் கிழவர். அப்பெக் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பழைய சுண்ணாம்பைச் சுரண்டினால்தான் புதியது ஒட்டும் என்று என் அறையில் சுரண்டிக்கொண்டிருந்தவர், திடீரென்று நிறுத்தி அப்பாவைக் கூப்பிட்டார். நாங்களும் ஓடினோம். வெள்ளைக்கு அடியில் பச்சை. இன்னும் கீழே சுரண்டினார், மஞ்சள் கோடு. அதற்கும் கீழே நீலம். கோடு சரியாக என் இடுப்புக்கு நேரே ஓடியது. அம்மா என் தோளை இறுகப் பிடித்தாள். எனக்கோ ஒரே பெருமை.

அப்பெக் என்னைப் பார்த்தபடியே என் வயதைக் கேட்டார். அப்பா சொன்னார். "சாமா" என்றார் அவர். ஒன்றேதான் என்று அர்த்தம். அவ்வளவு மலாய் எனக்குத் தெரியும். நிறத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் தணிந்த குரலில் சொன்னதை என் கல்யாணத்துக்கு அப்புறம்தான் அப்பா என்னிடம் சொன்னார். முன்பிருந்த கிராணியின் மகள் ஆசைப்பட்டுக் கேட்க, அப்பெக்கே அடித்துக் கொடுத்த நிறங்கள் அவை. அவளுக்கும் எட்டு வயது. ஒன்பதைப் பார்க்காமலே காய்ச்சலில் போய்விட்டாளாம். அதற்குப் பிறகுதான் வீடு முழுக்கச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார்கள்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம் என் அறை பறிபோனது மட்டும்தான். அப்பா வேறு வீடு கேட்டார், கிடைக்கவில்லை. அறையில் மறுபடியும் வெள்ளை பூசிப் பூட்டினார்கள். மழையில் நனையக் கூடாது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளோடு ஆற்றுக்குப் போகக் கூடாது. அம்மா பக்கத்திலேயே படுக்கை; தூக்கத்திலும் அவள் கை என் நெற்றியைத் தேடி வரும். நான் என்ன தப்பு செய்தேன் என்று கேட்டால் திருநீறு பூசுவாள்.

அடைமழை நாட்களில் பின்பக்கத்து இறவாரத்தில் நனையாமல் ஒதுங்கி நின்று, அந்த அறையின் சன்னல் இடுக்கு வழியாகப் பார்ப்பேன். சுவரில் ஈரம் ஏற ஏற வெள்ளை மங்கும். மஞ்சள் கோடு தெரிய ஆரம்பிக்கும். என் இடுப்பளவில் இருந்த அது ஒரு நாள், சன்னலுக்கு வெளியே நின்ற என் நெஞ்சு வரைக்கும் ஏறிவிட்டதுபோலப் பட்டது. அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயந்தேன். திட்டு விழுமே என்று யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்பதாவது பிறந்த நாளன்று அம்மா அண்டா நிறையப் பாயசம் காய்ச்சி லயம் முழுக்கக் கொடுத்தனுப்பினாள். அப்பெக்கையும் வரச் சொல்லியிருந்தாள். என்னைக் கட்டிக்கொண்டு, "இனிமே என்ன வர்ணம் வேணும், சொல்லு தாயி. அப்பெக் இப்பவே அடிச்சிருவாரு" என்றாள்.

எட்டு மாதக் கோபம் எனக்கு. "ஒண்ணும் வேணாம், போ" என்றேன்.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழட்டும், என்னை எத்தனை நாள் அழவைத்தாள் என்று பாயசத்தைக் குடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். அவளை ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.